நான்கு வரிக் கட்டம்

மார்ச் வந்தால் ஒரு படிவம் வரும்.
'இந்த ஆண்டில் உங்கள் பங்களிப்பு' என்று
நான்கு வரி அளவில் ஒரு கட்டம்.
ஒன்பது வருடமாக அதில் நான் எழுதியது:
'கொடுத்த வேலையைச் செய்தேன்.'

பொய்யில்லை.
ஆனால் கம்பெனி பஸ்ஸில் என் முன்சீட்டு தினகர்
கட்டம் போதாமல் தாள் ஒட்டுவான்.
சேதராப்பட்டு ஆலையில் மாத்திரை உடைந்தால்
அவன்தான் கண்டுபிடித்தான்,
உடையாவிட்டால்
அவனால்தான் உடையவில்லை.
போன வருடம் அவன் உதவி மேலாளர்.
எனக்கு முந்நூற்று ஐம்பது ரூபாய்,
தீபாவளிக்கு மூடி சேராத எவர்சில்வர் டப்பா.

நான் அமலோற்பவம்.
தரக் கட்டுப்பாடு, இரண்டாம் ஷிஃப்ட்.
பள்ளியில் 'உள்ளேன் சிஸ்டர்' என்று நான் சொல்வதற்குள்
அடுத்த பெயருக்குப் போயிருப்பார்கள்.
வந்த நாளுக்கும் ஆப்சென்ட் வாங்கியவள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார் சவரிநாதன்.
ஆட்டோவில் நாளெல்லாம் பேசிவிட்டு
வீட்டுக்கும் மிச்சம் கொண்டுவரும் மனிதர்.
அழலாம்தான்.
நாற்பத்திரண்டு வயதில் எப்படி ஆரம்பிப்பது?
குளியலறையில் சொல்லிப் பார்த்தேன், 'சார், நான்...'
நெல்லித்தோப்புத் தண்ணீர்க் குழாய்
என்னைவிடச் சத்தமாகப் பேசியது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு,
காந்தி வீதிச் சந்தையில்
போன வருடத்து டைரி ஒன்று, இருபது ரூபாய்.
'இதை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க?'
கடைக்காரருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

லேப் பதிவேடுகளில் என் கையெழுத்தைத் தேடித் தேடி
அந்தந்தத் தேதியில் எழுதினேன்.

ஜூன் 11. ஈரப்பதம் கூடுதல். தொகுதியை நிறுத்தினேன்.
முடிக்கும்போது இரவு பன்னிரண்டு. பஸ் போய்விட்டது.
ஆகஸ்ட் 2. தராசு பொய் சொன்னது. கண்டது நான்.
நவம்பர் 29. சங்கராபரணி பொங்கி
வில்லியனூர் ஆட்கள் வரவில்லை. இரண்டு ஷிஃப்ட்.
டிசம்பர் 8. தினகரின் அறிக்கை. கணக்கு என்னுடையது.

அறுபத்து மூன்று தேதிகள்.
எண்ணாமல் இருந்ததை
அடக்கம் என்று நினைத்திருந்தேன்.
பயமும் இருந்திருக்கிறது,
கொஞ்சம் சோம்பலும்.

கோதண்டபாணி சார் அறையில் ஏசி இரைந்தது.
'சொல்லுங்கம்மா.'
டைரியை மேஜையில் நகர்த்தினேன்.
'இது போன வருஷத்து டைரி.'
'ஆமா சார். போன வருஷத்து வேலை.'

அவர் புரட்டினார்.
ஜூனில் நின்றார். டிசம்பரில் கண்ணாடியைக் கழற்றினார்.
அறையில் பேச்சில்லை.
எனக்கு அது பழகிய இடம்,
அவருக்கு இல்லை.

'ஆயிரம் போட்டுத் தரேன்' என்றார்.
நன்றி சொல்வதா வேண்டாமா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.
'சரி, ரெண்டாயிரத்து இருநூறு.'
சத்தியமாக அது தந்திரமில்லை,
எனக்கு வார்த்தை வரத் தாமதமாகும்.

'பதவி உயர்வு மேலே கேட்கணும்மா.'
'எந்தத் தேதிக்குள்ள சார்?'
என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.
'மே பதினைஞ்சு' என்றார், எங்கேயோ பார்த்து.
டைரியின் பின்னட்டையில் எழுதி
பேனாவை அவர் பக்கம் நீட்டினேன்.
லேப் பழக்கம்:
சோதித்தவர் ஒரு கையெழுத்து,
சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து.
சிரித்துக்கொண்டே போட்டார்.

பஸ்ஸில் தினகர் கோரிமேடு வரைக்கும்
தன் புது நாற்காலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான்.
கேட்டுக்கொண்டேன். நல்ல நாற்காலிதான்.

இன்று மே பதினாறு.
மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை.
ஷிஃப்ட் தொடங்கக் கால்மணி இருக்கிறது,
கையில் டைரி.
கதவைத் தட்டுகிறேன்.
மெதுவாகத்தான்.
திறக்காததால்
இன்னொரு முறை.