ஏழுக்குப் பதில் ஒன்று

சதுர அடி மூன்று வெள்ளி.
இருபதுக்கு நான்கு, நான்கு வண்ணம்,
துளை எட்டு, கயிறு தனி.
அரசாங்கப் பணம் நவம்பரில்தான் வரும்,
டிசம்பர் கணக்கு முடிவதற்குள் செலவாகிவிட
மூச்சிரைக்க ஓடிவரும்.

புக்கிட் மெராந்தியில் பேனர் அடிக்கிற கடை
என்னுடையது ஒன்றே.
தீமிதி, பள்ளி விளையாட்டுப் போட்டி,
காணாமல் போன நாய்
எல்லாம் இந்த ஒரே இயந்திரத்தின் பிள்ளைகள்.
வருடத்துக்கொரு முறை நுரையீரல்.
இடப்பக்கம் ரோஜா, வலப்பக்கம் தார்.
கறுப்பு மையை அப்படிக் குடிக்கும் அந்தப் படம்.
கறுப்புக்குத் தனி விலை கேட்க
டெண்டர் பாரத்தில் கட்டமில்லை.

அந்த வருடம் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள்.
கிளினிக் மிஸ்ஸி ஹஸ்லினா போனில் தயங்கினார்:
இருபதடி பன்னிரண்டாகட்டும்.
நுரையீரலை ஒடுக்கினேன்.
எழுத்தை ஒடுக்கினேன்.
இரவு பதினொன்று, எதிர்க் கடையில்
நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
'புகையை விட உதவி வேண்டுமா, அழையுங்கள்'
அதன் கீழே, எண்ணின் கடைசியில்,
ஏழுக்குப் பதில் ஒன்று விழுந்தது.

நான் பார்க்கவில்லை.
சரிபார்த்ததாகக் கையெழுத்திட்ட அதிகாரியும்.
செம்பனை ஆலை வேலியில்
எட்டு முடிச்சோடு ஏறி நின்றது பிழை.

ஒன்றில் முடியும் அந்த எண்
லூர்துநாதனுடையது. பாலத்தருகே டயர் கடை.
காதில் ஒரு சிகரெட், வாயில் ஒரு சிகரெட்,
இரண்டுக்கும் நடுவில் பேச்சு.

முதல் அழைப்பு காலை ஐந்துக்கு.
"விடணும் சார்" என்றதாம் குரல்.
"எதைடா விடணும், காத்தையா?"
இரண்டாவது ஆளுக்குத் தாயைச் சேர்த்துத் திட்டு.
மூன்றாவது, குலை வெட்டுகிற வங்காளதேசப் பையன்.
உடைந்த மலாயில் பாதி சொல்லி
மீதிக்கு இருமினான்.
"திட்ட வரல. பசியாறினியான்னு கேட்டேன்."

பிறகு பணம் முழுக்க நின்றது.
ஏழில் முடியும் சரியான எண்ணுக்கு அடித்தால்
ஒரு பெண்குரல் மிக மரியாதையாக
அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்கிறது.
மிஸ்ஸிக்கு வேறு ஊர்.
வேலியில் பேனர் மட்டும் வெயில் தின்று நிற்கிறது;
இறக்கவும் ஒதுக்கீடு வேண்டுமே.
ரோஜாப் பக்கம் வெளுத்துப்போனது.
தார் அப்படியே.

மூன்றாம் வருடம், மழை விட்ட ஒரு மதியம்
லூர்துநாதன் என் கடை வாசலில்.
கையில் பேனரின் படம்.
நஷ்ட ஈடுதான் கேட்கப்போகிறார் என்று
மின்விசிறியைக் கூட்டிவைத்தேன்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டிருக்கேன்.
கொய்யா இலை மெல்லுன்னேன்.
மாச மண்டோரு ஒருத்தன்கிட்ட
காச எண்ணிப் பாருன்னேன், எண்ணிட்டு
இன்னும் கோவமாயி ரெண்டு பத்த வெச்சானாம்.
லாரிக்காரன் ஒருத்தன் மட்டும் விட்டுட்டான்.
என்னாலயான்னு தெரியல.
கவர்மெண்டு இதுக்கு என்ன பேசச் சொல்லும்?
உன்கிட்ட தாள் இருக்கும்ல?"

காதில் சிகரெட் இருந்தது. நான் கேட்கவில்லை.

கோப்பைக் கவிழ்த்தேன்.
இருந்தது ஒரே தாள், வேலை உத்தரவு.
நகலெடுத்துக் கொடுத்தேன்.
நின்றபடியே வாய்விட்டுப் படித்தார்,
பூசைப் புத்தகம் படிப்பதுபோல் விரல் வைத்து:
அளவு பன்னிரண்டுக்கு நான்கு.
வண்ணம் நான்கு.
துளை எட்டு.
கயிறு தனி.

"இவ்வளவுதானா?"

பதிலுக்கு முன் அவர் சட்டைப் பை அதிர்ந்தது.
தாளை மடித்து சிகரெட் பெட்டிக்குப் பின்னால் செருகி
"சொல்லுய்யா" என்றபடி
வெளியே, தேங்கிய நீரைத் தாண்டப் பார்த்து,
தாண்டாமல், அதிலேயே கால் வைத்து
நின்று பேசிக்கொண்டிருந்தார்.