சிட்டாவுக்கு ஒரு ‘ங்க’

சென்னிமலை ரோட்டில் எங்கள் கொப்பரைக் களம்.
வெயிலைப் பார்த்து வாய் பிளந்து கிடக்கும்
லட்சம் வெள்ளை மூடிகள்.
நான் அங்கே கணக்கு.

சிட்டாவில் நூற்றிப் பதினாலு மூட்டை என்று
எழுதிக்கொண்டிருந்தபோது
மேசைக்கடியில் ஏதோ மூச்சு விட்டது.
அதனால் அந்தப் பெயர்.

கழுத்தில் பச்சை நைலான் கயிறு.
குட்டியில் யாரோ கட்டியது.
நாய் வளர்ந்திருக்கிறது,
கயிறு வளரவில்லை.
முடிக்குள் போய், தோலுக்குள்ளும் போய்விட்டது.
நாச்சிமுத்து துண்டால் அதன் வாயைச் சுற்றிப் பிடிக்க
டெய்லர் கத்தரியால் நறுக்கினேன்.
களிம்பு இருபத்தெட்டு நாள்.
அதுவரை கழுத்து சும்மா கிடந்தது,
சும்மா கிடப்பதே அதற்குப் புதுசு.

பிறகு மாட்டுச்சாமான் கடை.
சலங்கைக்கும் மூக்கணாங்கயிற்றுக்கும் நடுவிலிருந்து
உள்பக்கம் முள் வைத்த சங்கிலியை எடுத்துப் போட்டார்.
“இழுத்தா இறுக்குமுங்க. ரெண்டே நாள்ல வழிக்கு வந்துரும்.”
என் முழங்கைக்குக் கீழே மாட்டி
நானே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன்.
வைத்துவிட்டு
அகலமான துணிப்பட்டை ஒன்று வாங்கினேன்.
மாட்டினால் உள்ளே ரெண்டு விரல் போகோணும்,
என் மசி படிந்த ரெண்டு விரல்.

உக்காரு என்றேன் நான்.
ஒக்கோரு என்றான் நாச்சிமுத்து.
பொஸோ என்றான் கலாஹண்டியிலிருந்து வந்த சுதாம்.
முதலாளி மகன் சிட் என்றான்,
பாதிப் பெயரைக் கூப்பிட்டதாக நினைத்து
வாலாட்டிக்கொண்டு அவனிடம் ஓடியது.
சுவரில் சுண்ணாம்பால் எழுதிப் போட்டேன்:
உக்காரு. இரு. விடு.
வேறே பேச்சு ஆகாது.
டீக்கு முன்னால் அஞ்சு நிமிசம்,
கையில் வேகவைத்த ஈரல் துணுக்கு.

‘வா’வைக் கெடுத்தது நான்தான்.
வா என்றேன், வந்தது; உண்ணி மருந்து ஊற்றினேன்.
வா என்றேன், வந்தது; சங்கிலியில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.
வா என்றேன், வந்தது;
காலையில் துரத்திய ஆட்டுக்குச் சாயங்காலம் திட்டினேன்.
நாலாவது வாவுக்கு
கொப்பரைகளுக்கு அந்தப் பக்கம் நின்று
என்னைப் பார்த்தது.
வா என்றால் என்னவென்று
நான் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகப் படித்திருந்தது.

புதுச் சொல் வேண்டும்.
எங்கள் சீமையில் அதற்கென்ன பஞ்சம்,
பின்னால் ஒரு ‘ங்க’ போட்டேன்.
வாங்க. ஈரல். போ, விளையாடு.
வாங்க. ஈரல். போ.
அந்தச் சொல்லின் மேல் வேறெதையும் ஏற்றவில்லை.

“எங்களுக்கு ஏப்பா, நாய்க்கு வாங்களாமா!”
மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.
நியாயம்தான்.
அன்றிலிருந்து அவர்களுக்கும் ங்க.

ஆடிக்காற்று சாக்குகளைப் பிய்த்த ஒரு மத்தியானம்
பொள்ளாச்சி லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது.
கிளுவை வேலிச் சந்தில் நுழைந்து
தெய்வாத்தாளின் வெள்ளாட்டுக்குட்டி களத்தில் குதித்தது.
சிட்டா பாய்ந்தது.
இரு! என்று கத்தினேன்.
காற்றிலே, லாரிச் சத்தத்திலே
இருந்து பழகாத இரு.
விடு! அதுவும் பறந்தது.
குட்டி சக்கரத்துக்கு இந்தப் பக்கம்,
நாய் அந்தப் பக்கம்.
தொண்டையை இறக்கி,
ஈரல் கொடுக்கிற குரலில்,
வாங்க, என்றேன்.

டிரைவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார்:
“என்னைங்களா?”
நாச்சிமுத்து தோள் மூட்டையை இறக்கி வைத்தான்.
சிட்டா ஒரு காலைத் தூக்கியபடி நின்றது,
குட்டியை ஒரு பார்வை,
என்னை ஒரு பார்வை.
வந்தது.

கையில் ஈரல் இல்லை.
தூக்குப்போசியில் என் முட்டை இருந்தது.

ராத்திரி கணக்கு முடித்துப்
பட்டைக்குள் விரல் விட்டேன்.
ஒன்றரைதான் போனது, தின்று பெருத்திருக்கிறது.
ஒரு ஓட்டை தளர்த்தினேன்.
சிட்டாவில் எழுதினேன்:
முட்டை ஒன்று.
செலவு.