மாதிரி எண் பதினேழு

மோர்ப்பண்ணைக்கு மேற்கே,
கரிமூட்டம் போட்டுக் கறுத்த தரையைத் தாண்டி
நம்புஈசுவரி தோண்டிய ஊற்று.
கொட்டாங்கச்சியால் கோரினால்
ஒரு குடத்துக்கு முக்கால் மணி நேரம்.

அரை லிட்டர் போதும் என்றேன்.
அளந்து கொடுத்தாள்.

விதிப்படி
அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலச வேண்டும்.
முதல் அலசலை மணலில் ஊற்றினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவதையும் ஊற்றினேன்.
ஒரு கை அகல ஈரம்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது.

மூன்றாவதற்குக் குடத்தை நீட்டினாள்.

உப்புமானியில் எண் ஏறி நின்றது:
போன ஐப்பசியைவிட இருநூறு அதிகம்.
மழை தள்ளிப்போனது, கடல் கிட்டே வந்தது,
இறால் பண்ணையில் புதிதாய் இரண்டு ஆழ்குழாய்.
எல்லாவற்றுக்கும் என் படிவத்தில் கட்டம் உண்டு.

"நிலப் பயன்பாடு?"
"முன்ன குண்டு மொளகா. இப்ப கரி.
கருவேலத்தப் புடுங்கச் சொல்றீகளே,
மொளகா காய்க்கிற வரைக்கும்
எதத் திங்க?
அதையும் எழுதிக்கிருங்க."

எழுதினேன்,
ஓரத்தில், பென்சிலால்.

ராமநாதபுரம் பஸ்ஸில்
பதினேழு பாட்டில்கள் மடியில் முட்டிக்கொண்டு வந்தன.
கடைசியது மட்டும்
கழுத்துவரை நிறையவில்லை.
நிரப்பித் தரும்படி
நான் கேட்கவில்லை.