பதினேழாம் கட்டில்

சோடியம் நூற்றுப் பதினெட்டு என்றாள் ஷஹீனா.
நுரையீரல்தான் காரணம், எனக்குத் தெரியும்.
சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்,
அவளே வரட்டும்.

ரவுண்ட்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது.
அவள் நின்றுவிட்டாள்.
எத்திராஜின் மஞ்சள் பையைக் கேட்டு வாங்கி
மெத்தைமேல் கவிழ்த்தாள்:
ஆம்பூர் பஸ் டிக்கெட், பாதி பீடிக்கட்டு,
மூன்று மாத்திரை அட்டை.

பேர்ணாம்பட்டில் எழுதியது ஒன்று.
தோல் ஷாப்பில் கொடுத்தது ஒன்று.
இன்னொன்றுக்குச் சீட்டு இருந்தது,
போன மாதம், இதே வார்டு.

"மூணும் ஒரே நீர் மாத்திரை மேடம்,
பேருதான் வேற."
சீட்டை நீட்டினாள்,
என் கையெழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து.

ஜன்னலுக்கு வெளியே ஆற்காடு ரோட்டில்
ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டின.

விரலை எடும்மா, என்றேன்.
மற்றவர்களும் பார்க்கட்டும்.