புதுசு, ஒன்பது எம்.எம்.

சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி.
உள்ளே, அளவாக வெட்டிய கறுப்பு நுரையில்
ஒருக்களித்துக் கிடந்தது, யாரும் சுடாதது.
மூடியைத் திறந்ததும்
தையல் மெஷின் எண்ணெய் வாசம்.

நான்கு வருஷமாய் இந்தக் கவுன்டரில்
ஐடி வாங்கி வைக்கிறேன், காதுமூடி கொடுக்கிறேன்,
கையெழுத்து எங்கே என்று விரல் வைத்துக் காட்டுகிறேன்.
சுட்டதில்லை.
சாராயக் கடையில் வேலை பார்ப்பவன் எல்லாம் குடிக்கிறானா
என்று கேட்பேன், கேட்பவர்களிடம்.

இன்றைக்கு மேனேஜர் மரியம் படிவத்தை நீட்டினாள்.
கம்பெனிக்கு அனுப்பணும், பிளசிதா.
பழகாத கை ஒன்று வேண்டும். உன் கை.
பிடி, எடை, ட்ரிகர், உதைப்பு, குறி.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம்,
இரண்டு வரி இடம்.

வெளியே ஆகஸ்ட். அல் அய்ன் முழுக்கப் புழுதி.
ஜெபல் ஹஃபீத் மலை இருந்த இடத்தில்
மஞ்சளாய் ஒன்றுமில்லை.
உள்ளே மூன்றாம் லேன், ஏசிக் குளிர்,
என் வலத்தோளுக்குப் பின்னால் ரோடெல்.

மேகசின் ஸ்பிரிங் முரடு.
ஏழாவது தோட்டாவுக்குள் கட்டைவிரல் நகம் வெளுத்தது.
(இரண்டு நட்சத்திரம்.)
பிடி நன்று, சின்னக் கைக்கும் எட்டுகிறது.
எடை, ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தில்
நாலைந்து டீக்குப் போட்ட பிறகு மிச்சம்.
கையை நீட்டி அரை நிமிஷம் நின்றால்
அதே சீனி இரண்டு கிலோ.

ட்ரிகர் கொஞ்ச தூரம் சும்மா வருகிறது.
அப்புறம் ஒரு சுவர்.
சுவரில் சாய்ந்து நில், தள்ளாதே என்றான்.
முன்குறியின் பச்சைப் புள்ளியை மட்டும் பார்,
காகிதம் மங்கட்டும்.

வெடித்தது.
யாரோ கையைப் பிடுங்கப் பார்த்து
மனம் மாறித் திருப்பித் தந்த மாதிரி.
காகித மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அவன் விலாவுக்கு வெளியே, வெள்ளையில் ஓர் ஓட்டை.
இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவதும்.
இடப்பக்கம், கீழே.

நாலாவதில் தெறித்த காலி உறை
சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது.
குதிக்கக் கூடாது. முனை திரும்பக் கூடாது.
சூடு மெல்ல இறங்கி
பிராவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது.
அம்மா என்று கத்தினேன், முனையைத் திருப்பாமல்.
அந்த ஒரு தமிழ்ச் சொல் ரோடெலுக்குப் புரிந்தது.

துப்பாக்கி கோணலோ என்றேன்.
பதில் சொல்லாமல் மேகசினை வாங்கினான்,
எனக்கு முதுகு காட்டி நிரப்பினான்.

இரண்டு வெடித்தன. மூன்றாவதில்,
டிக்.
அவ்வளவுதான். தீயில்லை, உறை பறக்கவில்லை.
நடுவில் ஆரஞ்சு நிற டம்மி ஒன்றைச் செருகியிருந்தான்.
ஆனால் என் கை
வெடிக்குச் செய்வதையெல்லாம் செய்து முடித்திருந்தது.
முனை நாலு விரல் தாழ்ந்து,
கண் இறுக மூடி,
வராத அடியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு.

இந்தக் கையை எனக்குத் தெரியும்.
விடியக்காலையில் ஊர் நம்பர் ஒளிர்ந்தால்
போனை எடுக்கும் முன்பே
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கை.
வைஃபை பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று சொல்லத்தான்
தம்பி கூப்பிட்டிருப்பான்.

ரோடெல் சிரிக்கவில்லை.
போலீஸ்காரனுக்கும் இப்படித்தான் என்றான்.
எது டம்மி என்று சொல்லாமலே
இன்னும் நாற்பது சுடவைத்தான்.
நாற்பதில் பதினொன்று டிக்.
கடைசிப் பதினொன்றுக்குக் கை கொஞ்சம் சோர்ந்து,
பயப்படவும் சோம்பலாகி,
புள்ளி புள்ளியாகவே நின்றது.
இரண்டு ஓட்டைகள் உள்வட்டத்தில், ஒட்டி ஒட்டி.

உதைப்பு: நினைத்ததில் பாதி.
குறி: கோணல் இல்லை. நேராகத்தான் சுடுகிறது.
எழுதிக் கொடுத்தேன்.
பிடித்திருந்ததா என்றாள் மரியம்.
அதற்குக் கட்டம் இல்லையே என்றேன்.

ராத்திரி அறையில்,
கீழ்க்கட்டில் தவமணி சிவப்புத் தழும்பைப் பார்த்தாள்.
என்னடி, சுட்டுக்கிட்டியா?
ஆமா.
என்னத்தச் சுட்டே?
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் வடையை நினைத்துக்கொண்டு
எனக்கு எங்கே என்று கேட்டபடி
பேஸ்ட் டியூபைப் பிதுக்கினாள்.