பன்னிரண்டு

நெல்லித்தோப்பில்
தூண்டில் முள்ளும் கேமராவும் விற்கிற கடை.
மூன்று கருவிகளைச் சுவரில் சாய்த்து வைத்தார் சவரிநாதன்.
பிரான்சிலிருந்து மச்சான் கொண்டுவந்தவை,
கையேடும் பிரெஞ்சில்.
"விலைய அப்புறம் பேசுவோம்.
மொதல்ல சொல்லுங்க, எதத் தேடப் போறீங்க?"

பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு நேராக என்னைக் கேட்டதில்லை.

பழங்காசுக்காரர்கள் உழுத கொல்லையில்
அகலத் தட்டோடு நடப்பார்களாம்,
ஆழம் கிடைக்கும், பொடிசு தப்பிவிடும்.
குப்பைமேட்டுக்காரர்களுக்குச் சின்னத் தட்டு,
ஆணிக்கும் ஆணிக்கும் நடுவே மூக்கை நுழைக்கும்.
அரிக்கமேடு என்று வாயெடுத்தால்
கடையைச் சாத்திவிடுவாராம்.
சர்க்கார் மண், தோண்டினால் கைவிலங்கு.
அதுவும் உலோகம்தான்.

நான் சொன்னேன்:
கடலூர். தேவனாம்பட்டினம் கடற்கரை.
ஒரு ஜிமிக்கி.

"ஒண்ணா?"

ஒன்றுதான்.
நாலு வருஷம் முன்னால் மாசிமகம்,
ஊர்ச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டத்தில்
முங்கி எழுந்தேன், இடது காது லேசாக இருந்தது.
நாத்தனார் குணசுந்தரியிடம் இரவல் வாங்கிய ஜோடி.
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தபோது
"ஒத்தைய வெச்சு நான் என்ன பண்ண, நீயே மாட்டிக்க"
என்று என் மடியில் எறிந்தாள்.

சவரிநாதன் சிரிக்கவில்லை.
அதனால்தான் அங்கேயே வாங்கினேன்.

உப்புத் தண்ணி பொய் சொல்லும் என்றார்.
மலிவு மிஷின் ஈர மணலில்
அலை வந்தாலும் கூவும், போனாலும் கூவும்.
துடிப்பில் ஓடுகிற இன்னொன்று உப்புக்கு மசியாது,
ஆனால் தங்கத்துக்கும் துருவுக்கும்
ஒரே அழுகை.
மூன்றாவது, பல அலைவரிசை.
திரையில் எண் காட்டும்,
வேண்டாத எண்ணை வாயடைக்கலாம்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.
பீர் டின் வளையம், சிகரெட்டு ஈயத்தாளு,
பொடித் தங்கம், மூணும் பன்னெண்டு கிட்டதான் காட்டும்.
குப்பை வேணாம்னு அமுக்கினா
தங்கமும் வாய மூடிக்கும்."

வீட்டில் யாராவது இதைச் சொல்லியிருந்தால்
உபதேசம் என்று எழுந்து போயிருப்பேன்.
கடையில் சொன்னதால் பில் போடச் சொன்னேன்.
முப்பத்தொன்பதாயிரம்.
ஜிமிக்கி ஒன்று ரெண்டே கிராம்.
அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம்,
பஸ் தவளக்குப்பம் தாண்டுவதற்குள்
நானே மூன்று தடவை போட்டுவிட்டேன்.

எதையும் அமுக்கவில்லை.
முதல் வாரத்தில்
பாண்டிச்சேரி பிராந்தி மூடி பதினேழு,
படகு ஆணி, வலையின் ஈயக்குண்டு,
தர்ப்பணத்துக்கு வந்தவர்கள் வீசிய ஒற்றை ரூபாய்கள்,
எவளுடைய மெட்டியோ ஒன்று,
ஒரு சாவி.
பூட்டு எங்கே தொங்குகிறது என்று
ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன்.

மீன்கூடையை இறக்கிவைத்து அஞ்சலாட்சி கேட்டாள்,
அதே கேள்வி: "என்னாத்த தேடுற?"
சொன்னேன்.
தன் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.
"எனக்கும் இங்கதான் ஒரு மூக்குத்தி போச்சு.
சுனாமி அன்னிக்கு இல்ல.
சும்மா ஒரு செவ்வாக்கிழம."

மறுநாள் அவளோடு நாலு பேர்.
பிரெஞ்சுக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்:
அரைஞாண் கொடி, வெள்ளி, பையன் ஒரு வயசு.
மோதிரம், எம் எழுத்து, கலங்கரை விளக்கத்துக்கு நேரே.
தாலிக்குண்டு ஒன்று,
பெயர் சொல்ல மாட்டேன் என்றாள், புருஷனுக்குத் தெரியாதாம்.
மெட்டிக்கு இதுவரை மூன்று பேர் சொந்தம்.

இன்று காலை
அலை இழுத்துப் போன வழுக்கலில்
பன்னிரண்டு.
இடமிருந்து வீசினாலும் பன்னிரண்டு,
வலமிருந்து வீசினாலும்.
சல்லடைக் கரண்டியில் ஒரு வாய் மணல்,
தண்ணீர் வடியட்டும் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
அஞ்சலாட்சி எட்டிப் பார்க்கிறாள்.

மிஷின் வாங்கியதைக் குணசுந்தரியிடம் இன்னும் சொல்லவில்லை.
எந்தக் காசில் என்பாள்.
பாதி, சீட்டுப் பணம்.
மீதிக்கு
வலது காதை விற்றேன்.