பத்தொன்பதாம் வரி

சேகெட் நகர ஆய்வுக்கூடம்.
பதினேழாம் எலிக்கு
முதலில் தண்ணீர் கலந்த சாராயம்,
கால் மணி கழித்துத்தான் சுத்த ஆல்கஹால்.

இரைப்பையைக் கீறி விரித்தேன்.
ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.
சின்ன அடியிலேயே
விழித்துக்கொண்ட சுவர்
வழவழவென்று சளி பூசி
அதனடியில் காரமும் சுரந்து
பெரிய அடிக்குக் காத்திருந்திருக்கிறது.

பதினெட்டாவதற்கு ஆஸ்பிரின் முந்தியது.
சுவரைத் தட்டியெழுப்ப
ஆளில்லை.
பூனை பிறாண்டினாற்போல் ஏழு கோடுகள்.
எழுதிக்கொண்டேன்.

இரவு,
மூன்று கிண்ணம் பாலிங்கா முடித்த ஜோம்போர்
மண்டையிடி என்று
என் கைப்பையைத் துழாவுகிறான்.
நான் வாங்கிவைத்த வெள்ளை மாத்திரைதான்.

"தலைக்குத்தானே, இல்டிகோ?"

வெளியே டிஸாவின் பனிக்கட்டி
விரிசல் விடுகிறது.
பதிவேட்டில்
பத்தொன்பதாம் வரி
இன்னும் எழுதப்படவில்லை.